வழக்குரைக்காமல் குளிர்த்தி இல்லை: முன்னாள் போராளிகளின் மனவடுவும் எங்கள் பொறுப்பும்

பெப்ரவரி 4 சுதந்திர தின அணிவகுப்புக்கு முன்னர், ஜனவரி மாதக் கடைசியில் கொழும்பு வானத்தில் விமானப்படை ஒத்திகை பார்ப்பது வழக்கம். காலிமுகத்திடலுக்கு மேலே வட்டமிடும் விமானங்களின் சத்தம் கிருலப்பனை வரைக்கும் கேட்கும். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் மொட்டை மாடிக்கு ஓடிப்போய்க் கை காட்டுவார்கள்.

சில வருடங்களுக்கு முன்னர் அப்படியொரு காலையில் எனது வாடகை அறைக்கு வன்னியிலிருந்து ஓர் அண்ணை வந்திருந்தார். உடம்புக்குள் இருக்கும் செல்துண்டுகளுக்காகக் கொழும்பில் கிளினிக். விமானச் சத்தம் கேட்டதும் தேநீர்க் கோப்பையைச் சிந்தாமல் கீழே வைத்தார். எழுந்து போய் மாடிப்படிக்குக் கீழே குந்தினார். காதுகளைப் பொத்தி, வாயைத் திறந்து வைத்திருந்தார். குண்டு விழும்போது காது வெடிக்காமல் இருக்க வன்னியில் சின்னப்பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்த முறை அது. சத்தம் ஓய்ந்த பிறகு திரும்பி வந்து, தேநீர் ஆறிப்போனதற்கு மன்னிப்புக் கேட்டார். பிறகு, தான் குந்தியிருந்ததைப் பக்கத்து வீட்டார் யாராவது பார்த்தார்களா என்று கேட்டார்.

அந்தக் கடைசிக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. விமானச் சத்தத்துக்கு உடம்பு பதறுவதை மருத்துவம் விளங்கப்படுத்தும். பதறியதை யாராவது கண்டுவிட்டார்களோ என்ற பயத்தை மருத்துவம் மட்டும் விளங்கப்படுத்த முடியாது. அது எங்கள் அரசியலும் எங்கள் சமூகமும் சேர்ந்து உண்டாக்கிய பயம்.

புனர்வாழ்வு என்ற பெயரில்

2009 மே மாதம் போர் முடிந்தபோது சரணடைந்தும் பிடிபட்டும் புனர்வாழ்வு முகாம்களுக்கு அனுப்பப்பட்டவர்கள் ஏறத்தாழ 12,000 பேர். அவர்களுள் 594 பேர் சிறுவர்கள் என்று அரசாங்கமே சொன்னது. அச்சிறுவர்களில் ஒரு பகுதியினர் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள இரத்மலானை இந்துக் கல்லூரியில் படிக்க வைக்கப்பட்டார்கள். சரணடைந்து இன்றுவரை திரும்பி வராதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. அவர்களின் கணக்கைக் கேட்டுத்தான் 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் வீதியில் இருக்கிறார்கள்.

புனர்வாழ்வு ஆணையாளர் நாயகம் பணியகத்தின் திட்டத்தில் ஆறு கூறுகள் இருந்தன: கல்வி, தொழிற்பயிற்சி, உளசமூக வேலை, ஆன்மீகமும் சமயமும், குடும்பமும் கலாசாரமும், பொழுதுபோக்கு. தியானம் பழக்கினார்கள், யோகாசனம் பழக்கினார்கள், கோவில் திருவிழா வைத்தார்கள். காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல அதிகம் இல்லை. உலகின் பல நாடுகள் தமது முன்னாள் போராளிகளுக்கு இவ்வளவும் யோசித்ததில்லை.

ஆனால் அந்தத் தியானம் எங்கே நடந்தது என்று பார்க்கவேண்டும். பணியகத்துக்குத் தலைமை தாங்கியவர்கள் இராணுவ அதிகாரிகள். உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலானோர் மீது குற்றச்சாட்டு எதுவும் இல்லை; எப்போது வெளியே விடுவார்கள் என்பதும் தெரியாது. நீதிமன்ற மேற்பார்வை இல்லாத இந்தப் பெருந்தொகைத் தடுப்பைச் சர்வதேச சட்டவியலாளர்கள் ஆணைக்குழு 2010இலேயே கேள்விக்குட்படுத்தியிருந்தது. முள்வேலிக்கு உள்ளே, காவலாளியின் பார்வையில், கண்ணை மூடி மூச்சைக் கவனி என்றால் யாருக்கு மூச்சு சீராகும்? அமைதியாக இருப்பவர் விரைவில் வீட்டுக்குப் போகலாம் என்ற எண்ணம் இருக்கும் இடத்தில், அமைதியும் ஒரு நடிப்பாகத்தான் முடியும்.

முகாமுக்கு வெளியேயும் நிலைமை நன்றாக இருக்கவில்லை. போர் முடிந்த கையோடு வடக்கில் வேலை செய்ய வந்த தொண்டு நிறுவனங்கள் வீடு கட்டலாம், கிணறு தோண்டலாம். உளசமூக வேலைக்குத்தான் வடக்குக்கான ஜனாதிபதி செயலணி அனுமதி கொடுக்கத் தயங்கியது. மக்கள் கூடியிருந்து அழுதால், என்ன நடந்தது என்று பேசுவார்கள். பேசினால் அது சாட்சியம் ஆகிவிடும். அந்தப் பயம் அரசாங்கத்துக்கு இருந்தது.

வெளியே வந்தவர்களைத் தேடிப் புலனாய்வாளர்கள் வீட்டுக்கு வந்தார்கள். வேலை எங்கே, தொலைபேசி இலக்கம் என்ன, வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புவது யார் என்று கேட்டார்கள். இதே கேள்விகளில் பாதியை ஓர் உளவளத்துணையாளரும் கேட்கவேண்டியிருக்கும். முன்னால் கொப்பியோடு இருப்பவர் எந்த வகை என்று முன்னாள் போராளிக்கு எப்படித் தெரியும்? 2016இல், தடுப்பில் இருந்தபோது விஷ ஊசி ஏற்றப்பட்டதா என்ற அச்சம் வடக்கெங்கும் பரவி, மாகாண சபை வரைக்கும் பேசப்பட்டது. அந்த அச்சத்தின் மருத்துவ உண்மை எதுவாக இருந்தாலும், அது ஒன்றைத் தெளிவாகக் காட்டியது. குணப்படுத்த வந்த கையை நம்பமுடியாத நிலைக்கு அந்த மனிதர்கள் தள்ளப்பட்டிருந்தார்கள்.

"யோசனை" என்னும் நோய்

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படையினரின் நிலைதான் இந்த நோய்க்கு ஒரு பெயர் வைக்க உலகை நெருக்கியது. 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் அதைத் தனது நோய்ப் பட்டியலில் சேர்த்தது. நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்று தமிழில் எழுதுகிறோம். திரும்பத் திரும்ப வரும் காட்சிகள், கெட்ட கனவு, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுதல், நினைவூட்டும் இடங்களைத் தவிர்த்தல், நெருங்கியவர்களோடும் ஒட்டமுடியாமை என்பன அதன் அறிகுறிகள்.

எங்கள் சனம் இந்தச் சொற்களில் பேசுவதில்லை. "யோசனை" என்பார்கள். நெஞ்சு இடிக்குது, பெருமூச்சு வருகுது, தலையிடி விடுகுதில்லை என்பார்கள். வைத்தியசாலையில் வலிக்குளிசை வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். இந்த மொழியைக் காதுகொடுத்துக் கேட்டு எழுதியவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே அவர் இந்த மனவடுவைப் பதிவு செய்தார். பிறகு, தனிமனிதரின் நோயாக மட்டும் இதைப் பார்க்கமுடியாது, குடும்பமும் ஊரும் சேர்ந்து உடைந்திருக்கும்போது அது கூட்டு மனவடு என்றார். 2009இல் யாழ். மாவட்டத்தில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஓர் ஆய்வில், மனவடு நோயின் அறிகுறிகள் 7 சதவீதமானோரிடமும், மனச்சோர்வு 22 சதவீதத்துக்கு மேற்பட்டோரிடமும், பதகளிப்பு ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடமும் காணப்பட்டன. அந்த நேரத்தில் இடம்பெயர்ந்திருந்தவர்களிடம் இந்த அளவுகள் கணிசமாக அதிகம். இது பொதுமக்களின் கணக்கு. ஆயுதம் தூக்கியவர்களின் கணக்கு இதற்குள் தனியாக இல்லை.

ஆயுதம் தூக்கியவருக்கு இன்னொரு சுமையும் உண்டு. தனக்கு நடந்தது மட்டுமல்ல, தான் செய்ததும், செய்யாமல் விட்டதும் கூடவே இருக்கும். காயப்பட்ட தோழியை விட்டுவிட்டு ஓடியது. கட்டளைப்படி ஒரு வீட்டிலிருந்து பிள்ளையைப் பிடித்துக்கொண்டு வந்தது. இதை மேற்கு நாடுகளில் அறக்காயம் என்ற பொருளில் பேசுகிறார்கள். வியட்நாம் படையினருக்குச் சிகிச்சை அளித்த ஜோனதன் ஷே என்ற மருத்துவர் பண்டைய கிரேக்கக் காவியத்தோடு ஒப்பிட்டு இதை 1994இல் எழுதினார். எங்களுக்குக் கிரேக்கம் வரை போகத் தேவையில்லை. குருசேத்திரத்தில் வென்ற தருமன் அரியணை ஏற மனமில்லாமல் அழுததை மகாபாரதம் ஒரு பருவம் முழுக்கச் சொல்கிறது. கொல்லப்பட்ட கர்ணன் தன் அண்ணன் என்று தெரிவது, கங்கையில் இறந்தவர்களுக்கு நீர்க்கடன் செய்யும்போதுதான்.

அறக்காயத்துக்குக் குளிசை போதாது. இங்கேதான் ஆன்மீகம் என்ற சொல்லுக்கு உண்மையான வேலை வருகிறது.

இரண்டு தடவை பறிபோன சடங்கு

எங்கள் சைவக் குடும்பங்களில் ஒரு சாவு நடந்தால் என்ன செய்யவேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். தகனம், காடாற்று, எட்டு, அந்தியேட்டி, ஆண்டுத் திவசம், ஆடி அமாவாசைக்குக் கீரிமலை. துக்கத்துக்கு ஒரு கால அட்டவணை போட்டுக் கொடுத்திருந்தார்கள் முன்னோர். இந்த நாள் வரைக்கும் அழு, இந்த நாளில் முழுகு, இந்த நாளில் சோறு வை என்று அது சொல்லும்.

இயக்கம் தன் போராளிகளை எரிக்காமல் விதைத்தது. துயிலும் இல்லங்கள் வந்தன. பெற்றோருக்கு அந்தியேட்டி இல்லாமல் போனாலும் ஒரு கல்லறை இருந்தது, நவம்பர் 27இல் ஏற்ற ஒரு விளக்கு இருந்தது. நடுகல் வைத்த சமூகத்துக்கு அது முழுக்க அந்நியமாகவும் இருக்கவில்லை. பழைய சடங்கின் இடத்தைப் புதிய சடங்கு எடுத்துக்கொண்டது.

போருக்குப் பிறகு அந்தக் கல்லறைகள் உழுது தள்ளப்பட்டன. கோப்பாய்த் துயிலும் இல்லம் இருந்த நிலத்தில் 2011இல் இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவுத் தலைமையகம் திறக்கப்பட்டது. இப்போது அந்தப் பெற்றோரிடம் பழைய சடங்கும் இல்லை, புதிய சடங்கும் இல்லை. கடைசி மாதங்களில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்கோ கல்லறை என்ற ஒன்றே இருந்ததில்லை. பதுங்குகுழியை அப்படியே மூடிவிட்டு வந்தார்கள். கூட இருந்தவரின் உடலை எங்கே விட்டேன் என்று முன்னாள் போராளிக்கு மட்டும்தான் தெரியும்; அதைச் சொல்ல அவருக்கு இடமில்லை. காணாமல் ஆக்கப்பட்டவரின் தாய்க்கோ திவசம் செய்யத் திதியே இல்லை.

இதற்குப் பிறகும் விளக்கேற்ற ஒரு வருடம் விடுவார்கள், மறுவருடம் நீதிமன்றத் தடை எடுப்பார்கள். 2021 ஜனவரியில் யாழ். பல்கலைக்கழகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இரவோடு இரவாக இடித்தார்கள்; எதிர்ப்பு எழுந்ததும் அதே மாதத்தில் திரும்ப அடிக்கல் நாட்டவேண்டி வந்தது. ஏப்ரலில் புதிய தூபி திறக்கப்பட்டது. மனவடு பற்றிப் பேசும் எவரும் இந்தத் தூபியை அரசியல் விடயம் என்று ஒதுக்கிவைக்க முடியாது. பலருக்கு அதுதான் எஞ்சியிருந்த சிகிச்சை.

கண்ணகி சொல்லும் ஒழுங்கு

மட்டக்களப்பில் வைகாசியில் கண்ணகி அம்மன் கோவில்களில் கதவு திறந்து சடங்கு நடக்கும். அந்த நாட்களில் கண்ணகி வழக்குரை பாடப்படும். கணவனைக் கொன்ற அரசனின் முன்னால் போய் அவள் வழக்குரைத்த கதை. அது பாடி முடிந்த பிறகுதான் குளிர்த்தி. எரியும் அம்மனைக் குளிர வைக்கும் சடங்கு. இந்த ஒழுங்கு மாறாது. முதலில் வழக்கு, பிறகு குளிர்ச்சி. அவளின் கோபம் பிழை என்று யாரும் சொல்வதில்லை. ஊரே கூடியிருந்து அவளின் வழக்கை முழுதாகக் கேட்கும். கேட்ட பிறகே ஆறச் சொல்லும்.

அமெரிக்க உளமருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் எழுதிய நூலில், மனவடுவிலிருந்து மீள்வதற்கு மூன்று படிகள் சொல்கிறார். பாதுகாப்பு முதலாவது. நினைவுகூர்ந்து துக்கம் கொண்டாடுவது இரண்டாவது. மற்றவர்களோடு மீண்டும் இணைவது மூன்றாவது. எங்கள் ஊர்க் கோவில்கள் இதைப் புத்தகம் இல்லாமலே அறிந்திருக்கின்றன. போர்க்காலத்து மட்டக்களப்பில், கலை வந்து வாக்குச் சொன்ன அம்மன் பக்தைகளிடம் பிள்ளையைத் தொலைத்த தாய்மார் போய் அழுததை பற்றீசியா லோறன்ஸ் என்ற மானிடவியலாளர் விரிவாக எழுதியிருக்கிறார். பொலிஸ் நிலையத்தில் கேட்கமுடியாத கேள்வியை அங்கே கேட்க முடிந்தது.

புனர்வாழ்வுத் திட்டம் செய்த தவறு இதுதான். முதல் இரண்டு படிகளையும் விட்டுவிட்டு நேரே மூன்றாவதுக்குத் தாவியது. பாதுகாப்பு இல்லை, துக்கத்துக்கு அனுமதி இல்லை, ஆனால் சமூகத்தோடு இணைந்துவிடு என்றது. வழக்குரைக்காமல் குளிர்த்தி வைத்தது.

நாரஹேன்பிட்டியின் சுவர்களுக்குள்

எனது அறையிலிருந்து கொஞ்சத் தூரத்தில், நாரஹேன்பிட்டியில், இராணுவ வைத்தியசாலை இருக்கிறது. ஹைலெவல் வீதியில் 138 பஸ்ஸுக்கு நிற்கும்போது ஊன்றுகோலோடு வரும் இளைப்பாறிய சிப்பாய்களைக் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு நினைவுத்தூபி உண்டு, ரணவிரு சேவா அதிகாரசபை உண்டு, அனுராதபுரத்தில் அபிமன்சல என்ற பராமரிப்பு நிலையமும் உண்டு. எங்கள் பக்கத்தில் இவற்றில் ஒன்றுமே இல்லை. இரண்டு நிலைகளும் சமம் என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் தூபி இருப்பதால் அவர்கள் ஆறிவிட்டார்கள் என்றும் நினைக்கவேண்டாம். போர் வீரன் என்று போற்றப்படுபவன் அழக்கூடாது. சிங்களப் படையினரின் மனவடு பற்றி மருத்துவர் ருவான் ஜயதுங்க போன்றவர்கள் எழுதி வந்தும், தென்னிலங்கையில் அது பெரிய பேச்சாக மாறவில்லை. பல்லாயிரக்கணக்கானோர் படையைவிட்டுத் தப்பி ஓடினார்கள். அவர்களுக்காகப் பொது மன்னிப்புக் காலங்கள் திரும்பத் திரும்ப அறிவிக்கப்பட்டன. 2017இல் ஓய்வூதியம் கேட்டு அங்கவீனமுற்ற படையினர் கொழும்புக் கோட்டையில் வீதியில் இருந்தார்கள். பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இளைப்பாறிய படையினர் சிலர் ரஷ்யா-உக்ரைன் போருக்குக் கூலிக்குப் போய் அங்கேயே செத்தார்கள். வெற்றிக் கொண்டாட்டமும் ஒருவகை வாய்ப்பூட்டுத்தான். தான் என்ன செய்தேன், என்ன கண்டேன் என்று அந்தச் சிப்பாய் சொன்னால் அது குற்றத்தின் சாட்சியம் ஆகிவிடும். ஆகவே அவனும் பேசுவதில்லை. உண்மையைச் சொல்லும் பொறிமுறை இல்லாத நாட்டில் சுகப்படுவது இரண்டு பக்கத்துக்கும் கஷ்டம்.

எங்கள் வீட்டுக் கதவு

அரசாங்கத்தின் பிழையை எழுதுவது எனக்குச் சுலபம். எங்கள் பிழையை எழுதாவிட்டால் இது பாதிக் கட்டுரை.

இறந்தவர்களை மாவீரர் என்று வணங்குகிறோம். உயிரோடு திரும்பியவரிடம் நீ ஏன் சாகவில்லை என்று கேட்காமல் கேட்கிறோம். தடுப்பிலிருந்து வந்தவர் என்றால் புலனாய்வோடு தொடர்பு இருக்குமோ என்று சந்தேகப்படுகிறோம். வேலை கொடுக்கப் பயப்படுகிறோம், வாடகைக்கு வீடு கொடுக்கப் பயப்படுகிறோம். தலைமுடி வெட்டி ஆயுதம் தூக்கிய பெண்ணை அன்று மேடையில் புகழ்ந்தவர்கள், இன்று அவளைத் தம் மகனுக்குக் கட்டிவைக்கச் சம்மதிப்பதில்லை.

விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல்துறைப் பொறுப்பாளராக இருந்த தமிழினி 2015 ஒக்ரோபர் 18ஆம் திகதி மஹரகம வைத்தியசாலையில் புற்றுநோயால் இறந்தார். அடுத்த வருடம் அவருடைய நூல் "ஒரு கூர்வாளின் நிழலில்" வெளிவந்தது. தன் போராட்ட வாழ்க்கையைப் பற்றி ஒரு பெண் தானே எழுதிய வாக்குமூலம் அது. அதில் இயக்கம் பற்றிய விமர்சனம் இருந்ததால், உண்மையில் அவர்தான் எழுதினாரா என்ற சண்டையே பெரிதாக நடந்தது. அவரின் அரசியல் முடிவுகளோடு ஒத்துப்போகாமல் இருக்க எவருக்கும் உரிமையுண்டு. ஆனால் தன் வழக்கை உரைக்க வந்தவரை நாங்கள் எப்படி நடத்தினோம் என்பதை மற்ற முன்னாள் போராளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வழக்குரைப்பது என்றால் எதிரிக்கு எதிராக மட்டும் உரைப்பதல்ல. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியதை நினைத்து நித்திரையில்லாமல் இருப்பவர் உண்டு. கடைசிக் காலத்தில் பிடித்து வரப்பட்ட பிள்ளைகளை நினைத்து அழுபவர் உண்டு. அப்படிப் பிடித்து வரப்பட்டவரும் இன்று முன்னாள் போராளிதான். பெருமையோடு நினைவுகூர விரும்புபவருக்கும், குற்றவுணர்வோடு நினைவுகூர விரும்புபவருக்கும், இரண்டும் கலந்த மனதோடு இருப்பவருக்கும் ஓர் இடம் வேண்டும். மாவீரர், துரோகி என்ற இரண்டு கதிரைகளை மட்டும் போட்டுவிட்டு வந்து இருங்கள் என்றால் யார் வருவார்கள்?

என்ன செய்யலாம்

முதலாவது, பராமரிப்பையும் பாதுகாப்புத் துறையையும் பிரிக்கவேண்டும். 2022இல் கொண்டுவரப்பட்ட புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் முன்னாள் போராளிகளையும் போதைப்பொருளுக்கு அடிமையானவர்களையும் ஒரே பட்டியலில் வைத்தது. அது அப்படியே அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான், 2023 ஜனவரியில் திருத்தங்களோடு நிறைவேறியது. போர் முடிந்து 13 வருடங்களின் பின்னரும் இவர்களை அடைத்துவைத்துத் திருத்தவேண்டியவர்களாகவே அரசு பார்த்தது. இவர்களுக்குத் தேவை இன்னொரு முகாம் அல்ல. புலனாய்வாளர் வீட்டுக்கு வராத ஒரு வருடம் கிடைத்தாலே அது பெரிய சிகிச்சை.

இரண்டாவது, தமிழில் வேலை செய்யும் உளவளத்துணையாளர்கள் மாவட்ட வைத்தியசாலையோடு நிற்காமல் பிரதேசம்தோறும் வேண்டும். நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றி மக்களின் கருத்தைத் திரட்டிய செயலணி 2017 ஜனவரியில் கையளித்த அறிக்கையில் உளசமூக ஆதரவு வலியுறுத்தப்பட்டிருந்தது. அந்த அறிக்கை இன்னும் அலுமாரியில்தான்.

மூன்றாவது எங்கள் கையில் இருக்கிறது. கோவில் பரிபாலன சபைகள், தேவாலயங்கள், சனசமூக நிலையங்கள் எல்லாம் ஊருக்கு ஊர் இருக்கின்றன. திதி தெரியாதவர்களுக்காக ஊராகச் சேர்ந்து ஒரு நாளில் நீர்க்கடன் செய்யலாம். ஆடி அமாவாசை அதற்கென்றே இருக்கிறது. முன்னாள் போராளியை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தத் தேவையில்லை. திருவிழா வேலையில் ஒரு பொறுப்பைக் கொடுத்தால் போதும். ஆன்மீகம் என்ற பெயரில் எல்லாவற்றையும் மறந்துவிடு என்று சொல்பவர்களிடமும் கவனமாக இருக்கவேண்டும். மறப்பதற்காகச் செய்யும் பிரார்த்தனையும் சொல்வதற்காகச் செய்யும் பிரார்த்தனையும் ஒன்றல்ல. புலம்பெயர்ந்த உறவுகள் நவம்பரில் மண்டபத்துக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கு, உயிரோடு இருப்பவரின் சத்திரசிகிச்சைக்கும் பிள்ளையின் படிப்புக்கும் போகட்டும்.

வீட்டில் யாராவது இரவில் நித்திரை கொள்ளாமல், சாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால் அதை யோசனை என்று விடவேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச்செல்லலாம். மருந்தும் கோவிலும் ஒன்றுக்கொன்று எதிரியல்ல.

அந்த அண்ணை இப்போதும் கிளினிக்குக்கு வந்து போகிறார். எடுக்கமுடியாத துண்டுகளை அப்படியே விடச் சொல்லிவிட்டார்கள். கடைசியாக வந்தபோது, அந்த வருடம் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனதாகச் சொன்னார். அங்கிருந்து முள்ளிவாய்க்கால் அதிக தூரமில்லை. கூட்டத்துக்குள் நின்று வாய்விட்டு அழுதாராம். எல்லோரும் ஏதோவொரு நேர்த்தியோடு அழுதுகொண்டிருந்ததால் தன்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கு ஆறுதலாக இருந்தது.